விறைப்பும் நரம்பும்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊர் மருந்துக்கடையில் நின்றாலும் ஒன்றைக் கவனிக்கலாம். கூட்டம் கலைந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, பெரும்பாலும் "என் ஃபிரெண்டுக்கு" என்று ஆரம்பித்துக் கேட்கப்படும் கேள்விகள் உண்டு. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே இருக்கின்றன. கூடவே, ஆடு மாடு வளர்ப்பவர்கள் கேட்கும் சிலவும். மனிதனோ கிடாயோ நாயோ, பாலூட்டிகள் எல்லாவற்றிலும் அடிப்படை நரம்பு ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

விறைப்பு ரத்த விஷயமா, நரம்பு விஷயமா?

நிரம்புவது ரத்தம். எப்போது நிரம்ப வேண்டும் என்று முடிவு செய்வது நரம்பு.

ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் பஞ்சுத் திசு, அந்தத் திசுவின் சுவர்களில் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை. சாதாரண நேரத்தில் இந்தத் தசை இறுகித்தான் இருக்கிறது. அதனால் உள்ளே போகும் ரத்தம் கொஞ்சம்தான். நரம்பு உத்தரவு கொடுத்ததும் தசை தளர்கிறது, தமனிகள் விரிகின்றன, பஞ்சுத் திசு உப்புகிறது. உப்பிய திசு, தன்னைச் சுற்றியுள்ள கெட்டியான உறையோடு சேர்த்து வடிகால் சிரைகளை நசுக்கிவிடும். நம்மூர்க் கண்மாயில் வரத்துக்காலைத் திறந்துவிட்டு மடையை அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

இதில் மறக்கக்கூடாத ஒன்று: விறைப்பு தொடங்குவது தசை தளர்வதால்தான், இறுகுவதால் அல்ல. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

எந்தெந்த நரம்புகள் இதைச் செய்கின்றன?

மூன்று கூட்டம். முதலாவது எதிர்ப்பரிவு நரம்புகள். தண்டுவடத்தின் கடைசிப் பகுதியில், எஸ்2 முதல் எஸ்4 வரை என்று மருத்துவர்கள் பெயரிட்ட கணுக்களிலிருந்து கிளம்பி, இடுப்புக் குழி வழியாக, புராஸ்டேட் சுரப்பியை ஒட்டி ஓடி உறுப்புக்குள் நுழைகின்றன. விறைப்பைக் கொண்டுவருவது இவைதான். 1863-ல் ஜெர்மானிய உடலியலாளர் எக்ஹார்ட் நாய்களின் இடுப்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டி, விறைப்பு வருவதைக் காட்டினார்.

இரண்டாவது பரிவு நரம்புகள். இவை மேலே, நடு முதுகின் கடைசியிலிருந்தும் இடுப்பின் மேல்பகுதியிலிருந்தும் வருகின்றன. ஓடு அல்லது சண்டை போடு என்று உடம்பை உசுப்பும் அதே கூட்டம். நார்அட்ரினலினைச் சுரந்து தசையை இறுக்கி வைத்திருப்பவை இவை. நாள் முழுக்க உறுப்பு தளர்ந்து தொங்குவதற்குக் காரணம் இவை ஓய்வில்லாமல் வேலை செய்வதுதான்.

மூன்றாவது புடெண்டல் நரம்பு. இது உணர்வும் அசைவும் சேர்ந்தது. தொடுகையைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது, அடிப்பகுதித் தசைகளைச் சுருங்க வைக்கிறது. உப்பிய உறுப்பு முழுக்கக் கெட்டியாவது இந்தத் தசைகள் அழுத்துவதால்தான். அந்த நொடியில் உள்ளே உள்ள அழுத்தம் சாதாரண ரத்த அழுத்தத்தைவிட மிக அதிகமாகப் போகும்.

நரம்பு நுனியில் என்னதான் சுரக்கிறது?

நைட்ரிக் ஆக்சைடு. ஒரு வாயு. இதைக் கண்டுபிடித்த கதையில் மாடும் உண்டு. காளையின் உறுப்பை உள்ளே இழுத்து வைக்கும் தசையிலிருந்து, மென்தசையைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருளை 1980 வாக்கில் பிரிட்டனில் பிரித்தெடுத்தார்கள். என்னவென்று புரியாமல் 'தடுக்கும் காரணி' என்று மட்டும் சொல்லிவந்தார்கள். அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது பிறகு தெரிந்தது. ரத்தக்குழாய்களில் இந்த வாயுவின் வேலையைக் கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வாயு தசைக்குள் நுழைந்ததும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் பெருகுகிறது. அது தசைக்குள் இருக்கும் கால்சியத்தைக் குறைக்கிறது, தசை தளர்கிறது. பிடிஇ5 என்ற நொதி இந்த சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைத்ததும் பழைய நிலை திரும்பும். சில்டெனாஃபில் மாத்திரை செய்வது அந்த நொதியைத் தடுப்பது மட்டுமே. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததும் அதே 1998-ல்.

ஆகவே மாத்திரை ஆசையை உண்டாக்காது. நரம்பு முதலில் வாயுவைச் சுரந்தால்தான் மாத்திரைக்கு வேலையே இருக்கும். போட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது.

கவனம் முழுவதும் அதிலேயே வைத்து முயன்றால் ஏன் வராமல் போகிறது?

வரவில்லையே என்ற பதற்றம் பரிவு நரம்பைக் கிளப்பிவிடுகிறது. அது நார்அட்ரினலினைக் கொட்டி, தளர வேண்டிய தசையை இறுக்குகிறது. கல்யாணமான புதிதில் சரிவரவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறு இவ்வளவுதான்.

அந்தத் தடையை நீக்கினால் மட்டும் போதுமா? போதும் என்று காட்டியவர் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியலாளர். நார்அட்ரினலின் வேலை செய்யும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் மருந்தை நேரடியாக உறுப்புக்குள் ஊசியாகப் போட்டால், ஆசையோ தொடுகையோ இல்லாமலே விறைப்பு வரும் என்று 1983-ல் எழுதினார். அதே வருஷம் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டில், ஊசி போட்டுக்கொண்டு மேடையேறி, தன் உடம்பையே சான்றாகக் காட்டினார். சபையில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்ல வந்ததை அதற்கு மேல் யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மூளைத்தண்டிலும் இதே போல ஒரு தடை இருக்கிறது. அங்கிருந்து செரட்டோனின் சுரக்கும் நரம்புகள் தண்டுவடத்துக்கு இறங்கி, விறைப்பு அனிச்சையை அடக்கி வைக்கின்றன. எலியின் தண்டுவடத்தை மேலே துண்டித்தால், கீழே அந்த அனிச்சை குறைவதற்குப் பதில் கூடுகிறது. செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு இந்த விஷயத்தில் சிக்கல் தருவதில் இதற்கும் பங்குண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

தூண்டும் பக்கமும் மூளையில் உண்டு. ஹைப்போதலாமஸ் பகுதியில் டோபமைன், ஆக்சிடோசின் இரண்டும் கீழே செய்தி அனுப்புகின்றன. பார்ப்பது, நினைப்பது, வாசனை எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

விடியற்காலையில் தானாக வருவது ஏன்? மூத்திரம் முட்டுவதாலா?

இல்லை. கனவு வரும் ரெம் உறக்கத்தின்போது மூளைத்தண்டின் நார்அட்ரினலின் செல்கள் ஏறக்குறைய அமைதியாகிவிடுகின்றன. தடை விலகியதும் விறைப்பு வருகிறது. ஒரு ராத்திரியில் மூன்று முதல் ஐந்து முறை இப்படி நடக்கும், என்ன கனவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைக்குழந்தைக்கும் வரும், எலிக்கும் வரும். கடைசி முறை விழிக்கும் நேரத்தை ஒட்டி வருவதால் அது மட்டும் நமக்குத் தெரிகிறது.

டாக்டருக்கு இது நல்ல தடயம். மனைவியோடு இருக்கும்போது வராமல் விடியற்காலையில் மட்டும் ஒழுங்காக வந்தால், நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, சிக்கல் பதற்றத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். காலையிலும் பல மாதமாக வரவில்லை என்றால் உடம்பைச் சோதிக்க வேண்டும்.

தேள் கொட்டிய பையனுக்கு விறைப்பு வந்துவிட்டது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும். சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும்.

பனங்காட்டிலும் ஓலைக் குவியலிலும் விறகுக் கட்டிலும் கிடக்கும் செந்தேளின் விஷம் நரம்புகளின் சோடியம் வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. தன்னியக்க நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. முதலில் எதிர்ப்பரிவுப் பக்கம்: வாந்தி, எச்சில், உடம்பெல்லாம் வியர்வை, பையன்களுக்கு விறைப்பு. பின்னால் பரிவுப் பக்கம்: கை கால் சில்லிடும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தடுமாறும், நுரையீரலில் நீர் கோக்கும். உயிர் போவது அந்த இரண்டாம் கட்டத்தில்தான். விறைப்பு என்பது விஷம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதற்கு ஆரம்ப அடையாளம்.

மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையால் இந்தச் சாவுகளைப் பெரிதும் குறைக்கலாம் என்று 1980-களில் காட்டினார். இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. மந்திரித்துக்கொண்டு வரலாம் என்று ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளையின் உள்ளாடையை விலக்கிப் பார்த்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, கோபப்பட வேண்டாம்.

பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு இனி இல்லற வாழ்க்கையே இல்லையா?

சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனையேறிகளின் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. பொதுவாகக் கேட்பவர் மனைவி அல்லது அண்ணன், விழுந்தவர் அல்ல.

விடை எங்கே அடிபட்டது என்பதைப் பொறுத்தது. விறைப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. தொடுகையால் வருவது ஒன்று. தோலிலிருந்து எஸ்2-எஸ்4 கணுக்களுக்குப் போய், அங்கிருந்தே திரும்பும் அனிச்சை அது. மூளை தேவையில்லை. நினைப்பால் வருவது இன்னொன்று. அது மூளையிலிருந்து இறங்கி, மேலே உள்ள இடுப்புக் கணுக்கள் வழியாகவும் போக முடியும்.

கழுத்திலோ நடு முதுகிலோ தண்டுவடம் அறுபட்டால் நினைப்பு கீழே போய்ச் சேராது. ஆனால் அடியிலுள்ள கணுக்கள் உயிரோடு இருப்பதால் தொட்டால் விறைப்பு வரும். 1960-ல் வெளியான போர்ஸ், கோமார் ஆய்வில் இப்படி மேல்பகுதி முழுக்க அறுபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொடு விறைப்பு இருந்தது. கீழ்க் கணுக்களே நசுங்கிப் போனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, நினைப்பால் ஓரளவு விறைப்பு வந்தது.

மரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. காலோ புட்டமோ முதலில் தரையில் மோதும்போது, முறிவு பெரும்பாலும் முதுகும் இடுப்பும் சேருமிடத்தில் விழுகிறது. தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. முதல் இடுப்பெலும்புக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. எஸ்2-எஸ்4 கணுக்கள் இருப்பது சரியாக அந்த முறியும் இடத்தில்தான். அதனால் இவர்களுக்குத் தொடு விறைப்பு போய்விடும் வாய்ப்பு அதிகம்.

அப்போதும் வழி அடைபடுவதில்லை. ஊசி மருந்து, வெற்றிடக் குழாய், உள்ளே பொருத்தும் கருவி என்று இருக்கின்றன. பிள்ளை வேண்டும் என்றால் மின்தூண்டலால் விந்து எடுக்கலாம். அந்த முறையே முதலில் செம்மறிக் கிடாய்க்காக 1930-களில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியதுதான்.

ஒரு எச்சரிக்கை. மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு, தூண்டலின்போது ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி மண்டை வெடிக்கிற மாதிரித் தலைவலி வரலாம். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்.

இன்னொன்று. விழுந்த இடத்திலேயே ஒருவருக்கு விறைப்பு தெரிந்தால், தண்டுவடத்தில் அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பரிவு நரம்பின் பிடி அறுந்ததன் அடையாளம் அது. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாமல், பலகையில் கிடத்தி 108-ல் அனுப்ப வேண்டும்.

சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு இதில் ஆபத்து உண்டா?

மூச்சடக்கி முங்கி எழுகிறவர்களைவிட, குழாயிலோ சிலிண்டரிலோ காற்று வாங்கி ஆழத்தில் வெகு நேரம் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வரும்போது குமிழாகிறது. குமிழ் தண்டுவடத்தைத் தாக்கினால் கால் மரத்துப்போகும், மூத்திரம் நின்றுபோகும், விறைப்பும் போகலாம். மூன்றுமே பக்கத்துப் பக்கத்து நரம்புகள்.

ஏறிய பிறகு இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டின மாதிரி வலியோ, மூத்திரம் போக முடியாமையோ வந்தால் ஆக்சிஜன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மறுபடி முங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பதை நம்பவே வேண்டாம்.

சர்க்கரை வந்தால் இது போய்விடும் என்பது உண்மையா?

போய்விடும் என்றில்லை. ஆனால் மற்றவர்களைவிடப் பத்து வருஷம் முந்தியே தொல்லை தொடங்குவது சகஜம். உயர்ந்த சர்க்கரை மெல்லிய தன்னியக்க நரம்புகளை அரிக்கிறது, ரத்தக்குழாயின் உள்சுவரையும் கெடுக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது இந்த இரண்டும்தான். இரண்டிலும் அடி. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்கிறவரிடம் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் காலில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மெதுவாக விறைப்பு குறைந்தால் இதயத்தையும் பார்க்கச் சொல்வார்கள். இங்குள்ள தமனி இதயத் தமனியைவிடச் சிறியது, அடைப்பு முதலில் இங்கே தெரியும்.

சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்கிறார்களே?

லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் வைத்தியர் சொல்கிறார். சுய இன்பத்தால் எந்த நரம்பும் தளர்வதில்லை, விந்து போவதால் தண்டுவடம் வற்றுவதில்லை. அந்தப் பயம்தான் பரிவு நரம்பைக் கிளப்பி நிஜமாகவே கோளாறை உண்டாக்குகிறது. பிறகு அதற்கு அவரே லேகியம் விற்கிறார்.

கடல் அட்டை, கடல் குதிரை?

இரண்டுமே 2001-லிருந்து இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். பிடித்தால் ஜெயில். வெளிநாட்டில் ஆண்மைக்கு நல்லது என்று வாங்குகிறார்கள் என்பதற்காக மன்னார் வளைகுடாவை வழிக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு பாதையில் இவை மனிதனுக்கு வேலை செய்வதாக நிரூபணம் கிடையாது.

'மூலிகை' என்று விற்கும் பொடிகளில் வேலை செய்பவை சில உண்டு. அவற்றில் பலமுறை பிடிபட்டது, சொல்லாமல் கலந்த சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அந்தப் பொடியைத் தின்றால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

நாய்கள் பூட்டிக்கொண்டு நிற்பது ஏன்? கிடாய்க்கு எலும்பு உண்டா?

நாய்க்கு எலும்பு உண்டு. எலிக்கும் வௌவாலுக்கும் பெரும்பாலான குரங்குகளுக்கும் உண்டு. மனிதனுக்கும் குதிரைக்கும் கிடாய்க்கும் இல்லை. நாயின் உறுப்பின் அடியில் ஒரு குமிழ் உள்ளே போன பிறகு வீங்குகிறது, அது வடிந்தால்தான் பிரிய முடியும். கால் மணி, அரை மணி ஆகும். கல்லெறிந்தால் பயம் வரும், இழுக்கும், இரண்டுக்கும் காயமாகும். விட்டுவிடுங்கள்.

கிடாய் வேறு மாதிரி. ராமநாதபுரம் வெள்ளையோ கீழக்கரிசலோ, எந்தச் செம்மறி இனமானாலும், உறுப்பு அதிகம் பருக்காது. விதைப்பைக்குப் பின்னால் எஸ் வடிவில் மடங்கிக் கிடக்கிறது. இழுப்புத்தசை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். பரிவு நரம்பு விட்டதும் அந்தத் தசை தளர, மடிப்பு விரிந்து உறுப்பு நீள்கிறது. பருப்பது குறைவு என்பதால் எல்லாம் சில நொடியில் முடிந்துவிடும். கால்நடை மருத்துவர் காளையின் புடெண்டல் நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டால் அதே இழுப்புத்தசை தளர்ந்து உறுப்பு வெளியே வரும், பரிசோதிக்க வசதி. காளைக்கும் கிடாய்க்கும் பன்றிக்கும் இந்த அமைப்புதான். கடலில் நாம் பார்க்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) இழுப்புத்தசை உண்டு. நீந்தும்போது உறுப்பு முழுக்க உடம்புக்குள் ஒளிந்திருக்கும்.

கரை ஒதுங்கும் ஆவுளியா என்ற கடற்பசுவிலும் வெளியே ஒன்றும் தெரியாது. பிளவு தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆண், ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் பெண்.

பெண்களுக்கு இந்த நரம்புகள் இல்லையா?

உண்டு. பெண்குறிக் காம்பும் அதே பஞ்சுத் திசு, அதே எஸ்2-எஸ்4, அதே நைட்ரிக் ஆக்சைடு. சர்க்கரையும் தண்டுவட அடியும் அவர்களையும் இதே போல பாதிக்கும். கேட்பவர்தான் யாருமில்லை.

விறைப்பு இறங்கவே இல்லை என்றால்?

நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அவசரம். தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு செத்துப்போகும். தேங்கியதை ஊசியால் எடுத்துவிட்டு, ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். பரிவு நரம்பு செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். ஐஸ் கட்டி வைத்து விடியும் வரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

எந்த டாக்டரைப் பார்ப்பது?

முதலில் பொது மருத்துவர் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பார். அதற்கு மேல் சிறுநீரகவியல் நிபுணர். புராஸ்டேட் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், அந்தச் சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 1982-லிருந்து அதற்கு முறை இருக்கிறது. போகும்போது இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகிய டப்பா இருந்தால் அதையும், ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் விறைப்பு வருகிறதா என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.